கூரைப் பணம்

மருத்துவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்,
உணவகத்தில் பில் வைப்பதுபோல.
அறுவைக்கு முப்பத்தெட்டாயிரம்.
மயக்க மருந்துக்காரருக்கு ஒன்பதாயிரத்து நானூறு.
அரங்குக்குப் பதினாறாயிரத்து எழுநூற்றைம்பது.
பிறகு ஆறு வாரம் கழற்றாமல் போட ஓர் இறுக்கு பனியன்,
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
ஆக அறுபத்தாறாயிரம் ரேண்ட்.
இரண்டு கைப்பிடிச் சதை.
கிலோ என்ன விலை விழுகிறது என்று
மனம் தானாகக் கணக்குப் போட்டது.
சாட்ஸ்வொர்த் கறிக்கடையில் இந்த விலை சொன்னால்
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பதிமூன்று வயதில் வந்தது.
வரும், போகும் என்றார்கள்.
மீசை வந்தது, வேலை வந்தது.
இது போகவில்லை.

பிப்ரவரி டர்பனில் சட்டைக்குள் இரண்டு பனியன்.
கடற்கரைக்குப் போனால்
எல்லோருடைய செருப்புக்கும் போனுக்கும் நான் காவல்.
பொறுப்பான பையன் என்று பெயர்.
தைப்பூசத்தன்று ஆண்கள் சட்டையைக் கழற்றும் நேரம்
நான் கோயில் வாசலில்
கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருப்பேன்.
பக்தியான பையன் என்று இன்னொரு பெயர்.

மெடிக்கல் எய்ட் பதில் எழுதியது:
இது அழகு தொடர்பான சிகிச்சை, தர இயலாது.
கடிதத்தோடு கண்ணாடி முன் நின்று
அழகைத் தேடினேன்.

அரசு மருத்துவமனை நர்ஸ் நல்லவள்.
புற்றுநோய் முதலில், தீக்காயம் அடுத்து,
உங்கள் பெயரையும் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.
பென்சிலால் எழுதினாள்.

வட்டிக் கடைக்காரன் மாதம் நூற்றுக்கு முப்பது கேட்டான்,
கூடவே என் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும்.
கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு
பின்வாசல் வழியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளை ஓவர்டைமுக்குக் கொடுத்தேன்.
காரின் ஸ்பீக்கர்களை விற்றேன், அலாய் சக்கரங்களை விற்றேன்.
மதியம் கால் பன்னி சௌ வாங்குவதை நிறுத்தினேன்.
உடம்பு இளைத்தது.
அது இளைக்கவில்லை.

பெயிண்ட் ஆலையில் எங்கள் ஸ்டோக்வெல், பன்னிரண்டு பேர்,
தலைக்கு மாதம் இரண்டாயிரம்.
அக்டோபர் என் முறை.
எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்குவது வழக்கம்.
நோகுதுலா தாய்க்குக் கல்லறைக் கல் என்றாள்.
ரோமிளா மகளின் கல்லூரி என்றாள்.
நான்
கூரை ஒழுகுது என்றேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெர்பேங்கில் என் வீட்டு முன்
சிபுசிசோவின் பக்கி வந்து நின்றது.
ஏணி, தகரம், தார் டின், ஒரு மச்சான்.
காசை நீயே வைத்துக்கொள், கூலி வேண்டாம் என்றான்.
மேலே ஏறினான்.
ஆணி ஆணியாகத் தட்டினான், ஆட்டினான், தடவினான்.
அரை மணி நேரம்.
பிறகு விளிம்பில் குந்தி
கீழே எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"லோஷன், எங்கேதான் ஒழுகுது?"

மச்சான் சிகரெட் வாங்கப் போயிருந்தான்.
அது எனக்கு நல்ல நேரம்.
சட்டை மேல் கை வைத்தேன்.
"இங்கே."

ஏணியில் இறங்கி வர
அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.
தார் டின்னை மூடினான்.
கையைத் துடைத்தான்.
என் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.
"டிரம் ஒன்று இருபத்தைந்து கிலோ.
அறுத்த பிறகு நீ தூக்கலாமா?"
"ஆறு வாரம் கூடாது."
"அப்போ யார் தூக்குவது?"
அந்த வரி மருத்துவரின் தாளில் இல்லை.

தூக்கினான்.
தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று
டிசம்பரில் யாரிடமோ சொன்னானாம்,
காரணம் சொல்லவில்லையாம்.

இன்னும் பதினோரு தவணை பாக்கி,
இருபத்தைந்தாம் தேதிதோறும் தொள்ளாயிரத்தைம்பது.
தழும்பு இரண்டும் பிறைபோல என்று எழுத ஆசைதான்.
சரியாகத் தைக்காத பொத்தான் துளைபோல இருக்கின்றன.

நேற்று இரவு நல்ல மழை.
மூன்று மணிக்கு முகத்தில் ஒரு சொட்டு.
எழுந்து வாளி தேடிப் போகையில்
பழக்கத்தில் விரல்கள்
சட்டையை மார்பிலிருந்து கிள்ளி இழுக்க வந்து
தோலைத் தொட்டு நின்றன.
சட்டை இல்லாமல்தான் தூங்கியிருக்கிறேன்.

மேலே பார்த்தேன்.
அவன் ஆட்டிப் பார்த்த ஆணிகளில் ஒன்று.
சிபுசிசோவிடம் இதை எப்படிச் சொல்வது,
சொன்னால் இந்த முறை நம்புவானா
என்று யோசித்தபடி
வாளியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன்.